ஜன்னலில் தொங்கிய குளுக்கோஸ் பாட்டில்

எம்.எஸ்சி. வேதியியலுக்கு இடம் கிடைத்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம். பி.எஸ்சி.யில் பாதி செய்முறை வகுப்புகள் கொரோனா காலத்தில் செல்போனில்தான் நடந்தன. ப்யூரெட் என்ற நீளக் கண்ணாடிக் குழாயின் திருகைத் திருப்பி, சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் சொட்டோடு நிறுத்த வேண்டும். அதையெல்லாம் வீடியோவில் பார்த்தேனே தவிர, என் கையால் செய்ததில்லை.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருந்தது. வீட்டிலேயே பழகிவிடலாம் என்று தோன்றியது. பாகூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் மாமாவிடம் கேட்டு, தேதி முடிந்த குளுக்கோஸ் பாட்டிலும் டியூபும் வாங்கி வந்தேன். டியூபில் இருக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டினால் ப்யூரெட் மாதிரியே சொட்டும். குளுக்கோஸைக் கொட்டிவிட்டு, தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றி, தெருப்பக்க ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். கீழே ஒரு டம்ளர். அதில் தண்ணீர், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை மஞ்சள். சுண்ணாம்புத் தண்ணீர் போதுமான அளவு விழுந்ததும் மஞ்சள் நிறம் சிவப்பாகிவிடும். ஆரத்தி கரைக்கும் அதே வேதியியல்தான்.

முதல் நாள் முழுக்கத் தோல்வி. ஒவ்வொரு தடவையும் சொட்டு கூடிப்போய் டம்ளர் குங்குமமாகச் சிவந்தது. கொண்டுபோய் வாசலில் கொட்டிவிட்டு, மறுபடியும் பாட்டிலுக்கு அடியில் தலை குனிந்து உட்கார்ந்துகொள்வேன்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அத்தை பிரெட் பாக்கெட்டோடு வந்தார்.

“இன்னாம்மா, பொண்ணுக்கு வூட்டுலயே ட்ரிப்ஸ் ஏத்தறீங்க? ஒரு வார்த்தை சொல்லவே இல்ல?”

அம்மா விளக்குவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து ஹார்லிக்ஸ் வந்தது. பின்னாலேயே ஒரு பை சாத்துக்குடி. நான் எழுந்து நின்று, “எனக்கு ஒண்ணுமில்லீங்க” என்றேன்.

“நீ பேசாத, படு” என்றார் அத்தை.

பால் ஊற்றும் அக்காவுக்கு மட்டும் வேறு சந்தேகம். வாசலில் சிவப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டு அம்மாவின் காதருகே குனிந்தார். “நேத்துலருந்து ஆரத்தியா கொட்டிக் கெடக்கு. மாப்ள வூட்டுக்காரங்க வந்தாங்களா? எந்த ஊரு?”

மதியம் நெட்டப்பாக்கத்திலிருந்து பெரியம்மா, பெரியப்பாவின் வண்டியில் அழுதுகொண்டே வந்து இறங்கினார். ட்ரிப்ஸ் செய்தி போனிலேயே போயிருந்தது; தெருமுனையில் மாப்பிள்ளைச் செய்தியும் அவர் காதில் விழுந்துவிட்டது. உள்ளே வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

“ஏண்டி, உடம்பு சரியில்லாத பொண்ணுக்கு இன்னாடி அவசரக் கல்யாணம்?”

அம்மா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் கூடியிருந்த எல்லோருக்கும் நான் செய்து காட்டினேன். சக்கரத்தை மெல்ல உருட்டினேன். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. டம்ளரை லேசாகச் சுற்றினேன். மஞ்சளாகவே இருந்தது. அடுத்த சொட்டில் இளஞ்சிவப்பு படர்ந்து அப்படியே நின்றது. முதல் தடவையாக எனக்குச் சரியாக வந்துவிட்டது!

அத்தை கை தட்டினார். “தள்ளு, நான் ஒருவாட்டி உடறேன்” என்று பெரியம்மா சக்கரத்தை முழுசாகத் திறந்துவிட, சர்ரென்று கொட்டிப் புடவை நனைந்தது. பெரியப்பா, பால்கார அக்கா, அத்தை என்று ஆளாளுக்கு முயன்றார்கள். வீட்டில் எலுமிச்சம்பழம் தீரும்வரை யாரும் கிளம்பவில்லை.

கல்லூரி திறந்தது. இவ்வளவு பழகிக்கொண்டு போயும் முதல் வாரம் முழுக்க எங்களை ப்யூரெட் பக்கமே விடவில்லை. பழைய கண்ணாடிக் குடுவைகளைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். வீட்டில் ஒரு தட்டுகூடக் கழுவாத நான் வந்து இதைச் சொன்னபோது அம்மாவின் முகம் மலர்ந்தது.

“நல்ல படிப்புதான் போ” என்றார். “ரெண்டு வருசமும் இதையே சொல்லித் தரச் சொல்லு.”