ஒன்று விழுந்தால் ஒன்றுதான்

சகாயராஜ் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி நம் ஐந்து பேர் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அவருடைய எண்ணிலிருந்து அவர் மனைவி லூர்து அக்கா அனுப்பியிருந்தார். கந்தர்வக்கோட்டை உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த நான், அண்ணன்தான் ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் திறந்தேன். பில் பாதியில் நின்றது.

அவர் நினைவாகக் குழுவுக்கு எழுதும் இதை அவர் உறவினர்களும் படிப்பார்கள் என்பதால் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஆவூருக்குத் திரும்பிய அண்ணன், வாட்ஸ்அப்பில் ஒரு கதை நடத்தினார். ஆளுக்கொரு வேஷம்: திருடி, வைத்தியர், படகோட்டி என்று. என்ன செய்யப்போகிறோம் என்று எழுதிவிட்டு, வீட்டில் இருக்கும் பகடையை உருட்டி எண்ணைச் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு விழுந்தால் காரியம் கெட்டது. எப்படிக் கெட்டது என்று உருட்டியவரே எழுத வேண்டும். மூன்று, நான்கு என்றால் நடக்கும், ஆனால் கையில் இருப்பதில் ஏதாவது போய்விடும். ஐந்து, ஆறு என்றால் நினைத்தபடி. விதி அவ்வளவுதான். பகடையைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஜெகதாப்பட்டினம் ஐஸ் பிளாண்டில் வேலை பார்க்கும் நம் காதர், ஒருமுறை இணையத்திலிருந்து ஒரு பெரிய விதிப்புத்தகத்தை இறக்கிப் போட்டார். "இவ்வளவு படிக்கிற ஆளா இருந்தா நான் ஏன் தம்பி பத்தாவதுல ரெண்டு தடவ ஒக்காரப்போறேன்?" என்றார் அண்ணன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுநாள் அரண்மனைக் காவலனை ஏமாற்றப் போன காதருக்கு ஒன்று விழுந்தது. பொய்த் தாடி சோற்றுக்குள் விழுந்ததாக எழுதினார். பதிலுக்கு அண்ணன் அனுப்பிய குரல் பதிவில் சிரிப்பு மட்டும்தான் இருந்தது.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்தில் இரண்டு நாள் புதுக்கோட்டையில் டயாலிசிஸ். கதை நடத்தும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டு, படுத்தபடியே படகோட்டியாக ஆடினார். முந்திரி ஏற்றிய படகு புயலில் கரை சேர வேண்டிய அன்று அவருக்கு ஒன்று விழுந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. 'காற்று அடங்கியது, படகு கரை சேர்ந்தது' என்று எழுதிவிட்டேன்.

உடனே போன் வந்தது. அவர் கோபப்பட்டு நான் கேட்டது அன்றுதான்.

"என்ன தங்கச்சி இது? பாவம் பாத்து நீ மாத்துனா, இத்தன நாளு எனக்கு விழுந்த ஆறெல்லாம் பொய்யாப் போயிரும்ல. சீக்காளின்னு என்னைய ஓரமா ஒக்கார வச்சுராத."

வெட்கமாகிவிட்டது. எழுதியதை அழித்தேன். அவரே எழுதினார்: படகு கவிழ்ந்துவிட்டது, படகோட்டி ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறான். 'யாராச்சும் கயிறு போடுங்கப்பா, முந்திரி மூட்டையும் கூடவே மெதக்குது' என்று கடைசி வரி. நாம் கயிறு போடுவதற்குள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். திரும்பி வரவில்லை.

அடக்கத்துக்கு ஆவூர் போனபோது லூர்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி ஆட்டத்துல ஒங்கண்ணன் ஜெயிச்சாரா?"

ஜெயித்தார் என்று வாய்வரை வந்துவிட்டது.

"இல்லக்கா. ஒன்னு விழுந்துச்சு. படகு கவுந்துருச்சு."

அக்கா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். "தெரியும். 'எம் படகு கவுந்துருச்சு'ன்னு வாரவுக போறவுககிட்ட எல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுல்ல கெடந்தாரு. நீயும் எனக்காகப் பொய் சொல்லிருவியோன்னுதான் கேட்டேன்."

அண்ணன் எனக்கு விட்டுப்போனது அன்று விழுந்த அந்த ஒன்று. அதை யாருக்காகவும் ஆறாக்க மாட்டேன்.