பேச்சு வைக்க மாட்டேன்

நான் எடுத்த படத்தில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது இதைத்தான். "இன்னாமா, யாருமே பேச மாட்றாங்க?" பேச மாட்டார்கள். அது ஒரு கார்ட்டூன் படம். யாருமில்லாத வறண்ட கோளில் தனியாகத் திரியும் ஒரு இயந்திரத்தின் கதை. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை எலக்ட்ரானிக் இசை மட்டும் ஓடும். அதுதான் கதை சொல்லும். அதைப் பின்னணி இசை என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பின்னணி என்றால் முன்னால் வேறு ஏதாவது இருக்க வேண்டும். இதில் முன்னாலும் அதுதான், பின்னாலும் அதுதான்.

ஆரணியில் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து பகலெல்லாம் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவளுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். வீட்டிலிருந்துதான் வந்தது. எங்கள் வீட்டில் கீழே முழுக்க விசைத்தறி, மாடியில் நாங்கள். தறி ஓடிக்கொண்டிருக்கும்போது டிவியில் படம் பார்த்தால் உதடு அசைவது மட்டும்தான் தெரியும். கரண்ட் போனால் தறி நிற்கும், நிம்மதியாக வசனம் கேட்கலாம் என்றால் டிவியும் சேர்ந்து நின்றுவிடும். ஆகவே சின்ன வயதில் நான் பார்த்த எந்தப் படத்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. முகங்களைப் பார்த்து, தறிச் சத்தத்தைத் தாண்டி வரும் தடித்த இசையை மட்டும் பிடித்துக்கொண்டு, கதையை நானே கட்டிக்கொள்வேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் தோழிகள் சொல்லும் கதை வேறாக இருக்கும். என் கதைதான் நன்றாக இருந்தது என்று இப்போதும் அடித்துச் சொல்வேன்.

ஸ்டுடியோவில் சேர்ந்த பிறகு, ஒரு தாலி கட்டும் காட்சி கம்ப்யூட்டரில் ஏறி முடிவதற்காகக் காத்திருந்த நேரத்தில், இணையத்தில் தற்செயலாக அப்படியொரு கார்ட்டூன் படத்தைப் பார்த்தேன். வரைந்த மனிதர்கள், வரைந்த விண்கலம், வேறு ஒரு காலம். வசனம் இல்லை, பாட்டுக்கு வாயசைப்பும் இல்லை. ஹெட்போனில் சிந்தசைசரின் எலக்ட்ரானிக் இசை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. யார் யாரைப் பிரிகிறார்கள், யார் பயப்படுகிறார்கள், யார் பொய் சொல்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லாமல் புரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கதை சோகம் என்பதால் இல்லை. மாடியில் உட்கார்ந்து இத்தனை வருடம் நான் படம் பார்த்த முறையில் குறை ஒன்றும் இல்லை, அப்படியே ஒரு படம் எடுக்கவும் செய்யலாம் என்று தெரிந்ததால் வந்த அழுகை. அதன் பிறகு அந்த வகைப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். பாதிக்கு மேல் தூக்கம் வரவழைப்பவை. மீதியை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் படத்துக்கு மூன்று வருடம் ஆனது. வரையவும் இசை சேர்க்கவும் இணையத்தில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கதை எளிமையானது. பூமியிலிருந்து அந்த இயந்திரத்துக்குக் கட்டளை வரும். கட்டளை என்பது நான்கு சுரம். இயந்திரம் அதே நான்கு சுரத்தைத் திருப்பிச் சொல்லும். அப்படியென்றால் சரி, செய்கிறேன் என்று அர்த்தம். கல்லைத் தோண்டு என்றால் தோண்டும், நட என்றால் நடக்கும். ஒருநாள் ஒரு பாறை இடுக்கில் உயிருள்ள ஏதோ ஒன்று முளைத்திருப்பதைப் பார்க்கிறது. இது கிட்டே போனால் அது இதன் பக்கம் சாய்கிறது. அந்த நேரம் பார்த்துத் திரும்பி வரச் சொல்லிக் கட்டளை வருகிறது. இயந்திரம் மூன்று சுரத்தை மட்டும் திருப்பிச் சொல்கிறது. நான்காவது வருவதில்லை. மறுபடி கட்டளை, இன்னும் சத்தமாக. மறுபடி மூன்றுதான். என் படம் மொத்தமும் அந்த ஒரு சுரம் வராமல் போவதற்காக எடுத்தது.

அம்மா இந்தச் சுரங்களை எல்லாம் அடுக்களையிலிருந்து கேட்டவள். "மிக்ஸி ரிப்பேரான மாதிரியே கீது" என்பாள். அப்பா போன பிறகு தறிகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பட்டு நூல் கொடுப்பதும் நெய்த சேலையை எடுத்துக்கொள்வதும் என் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். கடைத்தெருவில் பட்டுக்கடை வைத்திருக்கிறார். அதனால் அவர் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அம்மா அவர் எதிரே உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை.

எங்கள் தெரு அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கும் பெரியப்பாதான் தலைவர். சாமி புறப்பாட்டைக் காட்டுவதற்கு இந்த வருடம் பெரிய எல்.இ.டி. திரை வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கடைக்கு நேராகப் போய்க் கேட்டேன். அந்தத் திரையில் என் படத்தைப் போட வேண்டும். அவர் அதை என் போனில் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது பாப்பா. ஆனா கத இன்னான்னு ஜனங்களுக்குப் புரியணும் இல்ல? நீயே ஒரு வாய்ஸ் குடுத்துடு."

"வாய்ஸ் வச்சா அது வேற படம் பெரியப்பா."

"அப்ப அந்த வேற படத்தையே போடு."

நான் மாட்டேன் என்றேன். அவரும் மாட்டேன் என்றார். இத்தனை சின்ன விஷயத்துக்கு இத்தனை வீம்பா என்று அவர் கடைப் பையன்கள் முன்னால் சிரித்தது எனக்கு உறைத்தது. வார்த்தை சேர்ப்பது சின்ன விஷயம் என்றால் சேர்க்காமல் விடுவதும் சின்ன விஷயம்தானே. அதை ஏன் அவர் விட்டுக்கொடுக்கக் கூடாது? இதை அங்கேயே கேட்டிருக்க வேண்டும். படி இறங்கிய பிறகுதான் தோன்றியது.

திருவிழா அன்று காலையில் கூழ் ஊற்றி முடித்தார்கள். சாயங்காலம் பாட்டுக் கச்சேரி. கச்சேரிக்காரர்களின் வேன் பக்கத்துக் களம்பூரில் நெல் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. தெருவில் நாற்காலி நிரம்பிவிட்டது, மேடை காலி. பெரியப்பா ஆளனுப்பி என்னை வரவழைத்தார்.

"பாப்பா, உன் படத்த எடுத்துகினு ஜல்தி வா."

"அப்படியே போடுவீங்களா? பேச்சு இல்லாம?"

"சரி சரி, வா."

அந்த 'சரி சரி'யை நம்பியிருக்கக் கூடாது. பென் டிரைவை மைக் செட்காரரிடம் கொடுத்துவிட்டு அவர் மேசை பக்கத்திலேயே நின்றேன். அவர் நல்ல மனிதர், தொழிலில் கெட்டிக்காரர். படம் ஆரம்பித்தது. பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளில் என் இசை முதன்முறையாகத் தெருவையே அதிர வைத்தது. என் வயிற்றுக்குள் அது ஓடியது. அந்த நிமிடத்துக்கு வேறு எதையும் ஈடாகச் சொல்ல மாட்டேன்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. மைக் செட்காரர் நெற்றியைச் சுருக்கினார். "மியூசிக் வருது, வாய்ஸ் வரலயே" என்று ஒரு வயரைப் பிடுங்கி மாற்றிச் செருகினார். இசை அறுந்து மறுபடி வந்தது. "வாய்ஸ் இல்லண்ணா, அவ்ளோதான் படம்" என்றேன். அவர் நம்பவில்லை. அவர் தொழிலில் வாய் திறக்கிற படம்தான் இதுவரை வந்திருக்கிறது. இன்னொரு வயரைப் பிடுங்கினார். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். உடனே பெரியப்பா மேடை ஏறி மைக்கைப் பிடித்துவிட்டார்.

"பக்தகோடிப் பெருமக்களே, நீங்கள் இப்போது கண்டுகொண்டிருப்பது, நம் விஞ்ஞானிகள் விண்ணுக்கு அனுப்பிய ஒரு இயந்திரம். அன்னை பூமி தன் பிள்ளையை அழைக்கிறாள். பிள்ளையும் இதோ, அன்னையின் மடியைத் தேடி ஓடோடி வந்துகொண்டிருக்கிறது."

அது எங்கும் ஓடவில்லை. பாறையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. வர மாட்டேன் என்று சொல்வதற்காகவே மூன்று வருடம் நான் உட்கார்ந்து செய்த ஒன்றை, அவர் ஒரு மூச்சில் மடிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். கூட்டம் கை வேறு தட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மைக் செட்காரரைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். வாடகை கொடுப்பவர் பேசும்போது அவர் எப்படி நிறுத்துவார்? அவர் மேசையிலிருந்து மைக் வயரை நானே பிடுங்கினேன்.

பெரியப்பா மைக்கை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த வயரைப் பார்த்தார். மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"இன்னா பாப்பா பண்ற?"

"பேச்சு இல்லாம போடறன்னு சொன்னீங்க."

"ஜனங்க பேஜாராவறாங்க. இது கோயில் விழா, உன் கம்ப்யூட்டர் ரூம் இல்ல."

"அப்ப நிறுத்திடுங்க. நீங்க சொல்ற கதையோட என் படம் ஓட வேணாம்."

அவர் கை காட்டினார், திரை கறுப்பானது. தெருவே எங்களைப் பார்த்தது. ஓடாவிட்டால் போகட்டும் என்று நான்தான் சொன்னேன். அழுதால் அவருக்கு இன்னும் வசதியாகிவிடும் என்பதற்காகவே அழாமல் நின்றேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்து வந்தாள். என்னைத் திட்டி வீட்டுக்கு இழுத்துப் போகத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். பெரியப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், ஏனென்றால் "நீயே கேளுமா உன் பொண்ண" என்று தொடங்கினார்.

"மாமா, எனக்கும் இந்தப் படம் ஒண்ணும் புரியலங்க" என்றாள் அம்மா. "மூணு வருசமா தலவலிதான் அது எனக்கு. ஆனா பேச்சு வேணாம்னு சொல்லித்தான அவ குடுத்தா? ஒத்துகினுதான வாங்கனீங்க?"

"ஜனங்களுக்குப் புரியணும்னுதாமா சொன்னன்."

"புரியலன்னா புரியலன்னு எழுந்து போவட்டும். அதுக்கு நீங்க ஏங்க கத கட்டணும்?"

அம்மா மைக் செட்காரர் பக்கம் திரும்பினாள். "தம்பி, மொதல்லருந்து போடுப்பா." அவர் பெரியப்பாவைப் பார்த்தார். "அவர இன்னாத்துக்குப் பாக்கற? படத்தப் போடு" என்றாள்.

படம் முதலிலிருந்து ஓடியது. பலர் எழுந்து போனார்கள். கடலை வாங்கப் போனவர்கள் திரும்பி வரவில்லை. இருந்தவர்களிலும் பாதிப் பேர் போன் பார்த்தார்கள். இதையெல்லாம் மறைக்க எனக்கு அவசியமில்லை. கட்டளை வந்து, இயந்திரம் மூன்று சுரம் சொல்லி, நான்காவது வராமல் நின்ற இடத்தில், நிறையத் தலைகள் ஒரே நேரத்தில் மைக் செட் பக்கம் திரும்பின. பெட்டி போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள். அவர் ஒரு வயரையும் தொடவில்லை. உள்ளங்கையை உயர்த்தி, அது அப்படித்தான் என்பதுபோலக் காட்டினார். தலைகள் திரைக்குத் திரும்பின. அந்த மௌனத்தை அந்தத் தெரு முழுசாகக் கேட்டது. எனக்கு அது போதும்.

அதற்குள் கச்சேரி வேன் வந்துவிட்டது. கடைசி வரை இருந்த ஒரு பெண் என்னிடம் வந்து, "நல்லாதான் கீது, ஆனா ஒரு பாட்டாச்சும் வச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெரியப்பா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நானும் அம்மாவும் வீட்டைப் பார்த்து நடந்தோம்.

"நாளைக்கு அவரு நூல் குடுக்கலன்னா இன்னாமா பண்ணுவ?"

"குடுக்கலன்னா போறாரு. ஆரணியில நூல் குடுக்க அவரு ஒருத்தர்தானா?"

சொல்லிவிட்டாளே தவிர, அவள் நடை வேகமாக இருந்தது. பயந்திருக்கிறாள் என்று தெரிந்தது. எனக்காகப் பயந்ததை எனக்குக் காட்டக் கூடாது என்று நினைக்கிறாள் என்பதும் தெரிந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த படத்தில் ஒரு சில வார்த்தையாவது வைக்கட்டுமா, உனக்காவது புரியுமே என்று கேட்டேன். ஒரு பலவீனத்தில் கேட்டதுதான்.

அம்மா நின்றுவிட்டாள்.

"எனக்குப் புரியாட்டி போவுது. பேச்சு வச்சீன்னா, 'நான் சொல்லித்தான் அவ வச்சா'ன்னு அந்த ஆளு ஊரெல்லாம் பேசிகினு திரிவாரு. வைக்காத."