முராய் அடிக்காத விசில்

என்ன வேலை என்று கேட்பவர்களிடம், "பறவை மண்டைக்குள்ள டார்ச் அடிக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். ஏறக்குறைய உண்மைதான். பாடும் பறவைகளின் மண்டையோடு மெல்லியது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஓர் இழை வழியாகத் தலையில் விட்டால், உள்ளே போய்க் கொஞ்சம் திரும்பி வரும். மூளை வேலை செய்யும் இடத்தில் ரத்தம் கூடும், திரும்பும் ஒளி மாறும், திரையில் கோடு ஏறும். கத்தி இல்லை, ஊசி இல்லை.

கிள்ளானில் என் அம்மா வீட்டுக்கு எதிர்வீட்டு ஆன்டியிடம் இதை அம்மாதான் சொல்லியிருக்க வேண்டும், அவர் வாய் சும்மா இராது. ஒரு சனிக்கிழமை ஆன்டி முராய்ப் பறவைக் கூண்டோடு செமினியில் எங்கள் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். அவர் கணவர் லோரி ஓட்டியவர், இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. முராய் அவர் வளர்த்தது. கேட்கும் சத்தத்தை அப்படியே திருப்பிச் செய்யும் பறவை.

"அவரு வாசக் கேட்டுக்கிட்ட வந்து நின்னு விசில் அடிப்பாரு மா. நான் சாவிய எடுத்துக்கிட்டு ஓடுவேன். இது அந்த விசில அப்படியே புடிச்சிக்கிச்சு."

கருமாதி முடிந்த மறுநாள் முராய் அதே விசிலை அடித்திருக்கிறது. ஆன்டி நடுங்கிப்போய், கூண்டின்மேல் போர்வையைப் போட்டு, வாயை மூடு என்று கத்தியிருக்கிறார். அன்றோடு அது பாடுவதையே விட்டுவிட்டது. அந்த விசிலை யாரும் ஃபோனில் பதிவு செய்து வைக்கவில்லை.

"உள்ள இருக்கா, போயிருச்சா, அத மட்டும் பார்த்துச் சொல்லு மா. போயிருச்சுன்னா, அவர நானே ரெண்டாவது தடவ..." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒளி ரத்தத்தைக் காட்டும், ஆளைக் காட்டாது. அழுகிறவரிடம் அதை எப்படிச் சொல்வது? மேலதிகாரியிடம் கேட்டேன். "சீக்கிரம் முடிச்சிடு லா" என்றார்.

முராயின் தலையில் இழையைப் பொருத்தி, வேறு முராய்களின் பாட்டைப் போட்டேன். கோடு நன்றாக ஏறியது. அலகு மட்டும் திறக்கவில்லை. பிறகு விளக்கை அணைத்தோம். கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு ஆன்டி உட்கார்ந்துகொண்டார். பறவை தூங்கிவிட்டது. பாடும் பறவைகள் தூக்கத்தில் தங்கள் பாட்டை உள்ளுக்குள் ஓட்டிப் பார்ப்பது எங்கள் துறையில் புதிய செய்தி இல்லை. அதனால் கோடு தானாக ஏறியபோது எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஏறியது, இறங்கியது, நின்றது. மறுபடியும் அதே ஏற்றம், அதே இறக்கம், அதே அளவு இடைவெளி. மறுபடியும். அறையில் ஏசி சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை. யாரோ கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதைப் போல இருந்தது.

அந்த இடைவெளி ஒன்றில் ஆன்டி மெதுவாக, "தோ வரேங்க" என்றார்.

கோடு படுத்துவிட்டது. அதற்குப் பிறகு எழவே இல்லை. பறவையின் கண் மூடியபடியேதான் இருந்தது.

"சத்தத்துல தூக்கம் கலைஞ்சிருக்கும் ஆன்டி" என்றேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை.

"ஏதோ இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா அது விசில்தானான்னு சொல்ல முடியாது."

"போதும் லா" என்று கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அதே வாரம், மசூதியில் இரவுப் பாங்கு ஓய்ந்த நேரத்தில், என் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஆன்டி அழைத்தார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"விசில் கேக்குது மா."

"பாடிருச்சா? நல்லது ஆன்டி!"

"முராய் எதிர்லதான் இருக்கு. தூங்குது. வாய் மூடியிருக்கு. விசில் வாசக் கேட்டுப் பக்கத்துலேர்ந்து வருது. தெறக்கவா?"

மூளையில் ஓடும் ரத்தத்தை அளந்து சம்பளம் வாங்குகிறவள் நான். அது பறவைதான், பயப்படாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். "வேணாம் ஆன்டி, தெறக்காதீங்க" என்றுதான் வாயில் வந்தது.



"கருமாதிக்கு மறுநாளும் பயந்துக்கிட்டுத்தான் மா தெறக்காம விட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஆன்டி ஃபோனை எங்கோ வைத்தார். சாவிக்கொத்தை எடுக்கும் சத்தம் கேட்டது.