முந்தானையில் ஒரு கிழிசல்

பல்லாவரம் அமீருதீன் பாயைப் பற்றி ஸ்டூடியோ வட்டாரத்தில் ஒரு கேலி உண்டு. ஏழை வேஷத்துக்குத் துணி வேண்டுமென்றால் மற்ற காஸ்ட்யூமர்கள் புதுத்துணியை வாங்கிக் கிழிப்பார்கள். பாய் மட்டும் புதுத்துணியைக் கொடுத்துவிட்டுக் கிழிந்ததை வாங்கி வருவார். கத்தரியை வைத்து ஒரு நூலைக்கூட அறுக்க மாட்டார். மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டது என்று லைட்பாய்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எழுபத்து மூன்றாம் வருஷம் கீழ்க்கட்டளை கல்குவாரியில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது.

அந்த வருஷம் ஸ்ரீநிவாசராகவன் என்று ஒரு புது டைரக்டர் வந்தார். நிறையப் படித்தவர், கொஞ்சம் முன்கோபி. வரப்போகும் காலத்தில் பட்டணத்துக் குளம் குட்டையெல்லாம் வற்றிப்போகிறது. மிச்சமிருக்கும் தண்ணீரை மலைமேல் வாழும் பத்துக் குடும்பங்கள் வளைத்துப் போட்டுக்கொள்கின்றன. கீழே ஜனங்கள் தாகத்தில் தவிக்கிறார்கள். இதுதான் கதை. மலைமேல் இருப்பவர்களுக்குப் பட்டும் நகையும் போடலாம் என்றார் டைரக்டர்.

அமீருதீன் தலையைச் சொறிந்தார். “சார், தண்ணியில்லாத ஊர்ல பட்டு எதுக்கு? தெனம் தொவைச்ச வெள்ளை போதும். ஒரு கறை இருக்கக் கூடாது. அதைப் பாத்தாலே கீழ இருக்கறவனுக்கு வயிறு எரியும்.”

டைரக்டர் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். கம்பெனி முழுக்க அதே பேச்சு. இருபது வருஷமாகத் தையல் மெஷினோடு மாரடித்தவருக்கு முதல்முறையாகக் கிடைத்த புகழ் அது. தலைக்கு ஏறாமல் என்ன செய்யும்?

கீழே தவிக்கும் ஜனங்களாக நடிக்க, குவாரியில் கல் சுமக்கும் நாற்பது பேரையே பேசி முடித்தார்கள். “நீங்க எப்பிடி இருப்பீங்களோ அப்பிடியே வாங்க” என்று மேஸ்திரி லோகநாதனிடம் அமீருதீன் சொல்லி அனுப்பினார். சினிமாவில் முகம் வரப்போகிறது என்றால் யார் அப்படியே வருவார்கள்? மறுநாள் சாயங்காலம் நாற்பது பேரும் தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவி, கனகாம்பரம் வைத்து, பெட்டியில் இருந்த நல்ல துணியை எடுத்து உடுத்திக்கொண்டு வந்து நின்றார்கள். வேட்டிகளில் சலவை நீலம் பளிச்சென்று தெரிந்தது.

டைரக்டருக்கு ரத்தம் கொதித்தது. “என்ன பாய் இது, கல்யாண ஊர்வலமா? இன்னும் ஒரு மணி நேரத்துல வெளிச்சம் போயிடும்!”

அமீருதீன் கத்தரியையும் கம்பி பிரஷையும் எடுத்தார். செம்மண்ணைக் கரைத்தார். உடம்பில் இருக்கும்போதே சட்டைத் தோள்களைத் தேய்த்தார், முழங்கையைக் கிழித்தார். எல்லோருக்கும் கம்பெனி புதுத்துணி தரும் என்று சொல்லியிருந்ததால் சிரித்துக்கொண்டே நின்றார்கள். கல் சுமக்கிறவனுக்குத் துணி எங்கே நையும் என்று பாய்க்கு மனப்பாடம். ஒவ்வொரு கிழிசலுக்கும் டைரக்டர் “பேஷ்!” என்றார்.

செல்லியம்மாளின் முறை வந்தது. மஞ்சள் சுங்குடி, அரக்கு முந்தானை. அவள் முந்தானையை இழுத்து மார்போடு பிடித்துக்கொண்டாள்.

“பாய், இது மட்டும் வேணாம். என் பொண்ணு கன்னியம்மா பொடவை. வர்ற ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வராங்கோ, மாப்ள ரயில்வேல கலாசி. அதுக்கு இது ஒண்ணுதான் கீது. ஓடிப்போயி பழசு சுத்திக்கினு வந்துடறேன்.”

“நேரமில்லம்மா. சனிக்கெழமைக்குள்ள புதுசு உன் வூட்டுக்கு வரும். நான் பொறுப்பு.”

வேனில் தகரப்பெட்டி இருந்தது. அதற்குள், சோடா உப்பில் வேகவைத்து வெளுக்கவைத்த ஒரு பழைய பச்சைப் புடவை தயாராக இருந்தது. ஐம்பது அடி நடந்தால் எடுத்து வந்துவிடலாம். அது அவர் நினைவுக்கு வரவில்லை என்றால் பாவம் என்று விட்டுவிடலாம். நன்றாகவே நினைவுக்கு வந்தது. ஆனால் கருங்கல் முன்னால் அந்த மஞ்சள் எடுத்துக்காட்டும் என்று தோன்றியது, டைரக்டரும் பார்த்துக்கொண்டிருந்தார். கல் சுமக்கத் தலையில் சும்மாடு சுற்றிச் சுற்றி நைந்துபோவது முந்தானைதான் என்று கணக்கிட்டு, சரியாக அங்கேதான் கத்தரியை வைத்தார்.

சனிக்கிழமை மலைக் குடும்பங்களுக்கு அவசரமாகப் பத்து வெள்ளைக் கோட்டு கேட்டார்கள். “அந்தப் பொம்பளைக்குப் பொடவை?” என்று மனைவி ஜெய்னப் இரண்டு தரம் கேட்டாள். “ஆகட்டும், காலைல” என்று மெஷினிலிருந்து தலைதூக்காமல் சொன்னார். காலையில் கோட்டுகளோடு கார் ஏறிவிட்டார். புடவையோடு கீழ்க்கட்டளைக்குப் போனபோது செவ்வாய்க்கிழமை.

செல்லியம்மாள் முகம் சுளிக்கவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். கொடியில் அந்த மஞ்சள் புடவை தொங்கியது. கிழிசலை நூல் நூலாகக் கோத்து இழையோட்டியிருந்தாள். அவ்வளவு நேர்த்தியான கையை ஸ்டூடியோவில்கூட அவர் பார்த்ததில்லை. இருந்தும் முந்தானையில் அந்த இடம் தனியாகத் தெரிந்தது.

“வந்தாங்களாம்மா?”

“வந்தாங்கோ. காப்பி குட்ச்சாங்கோ. மாப்ளையோட அம்மா முந்தானைய தொட்டுத் தொட்டுப் பாத்துது. கல்லு தூக்கித் தேஞ்ச பொடவை, பொண்ணும் கல்லு தூக்கற பொண்ணுதான், எங்க வூட்டுக்கு ஒத்துவராதுன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டுப் பூடுச்சி.” அவள் கொடியைப் பார்த்தாள். “கன்னிம்மாவ நான் ஒரு நாள்கூட குவாரிக்கு அனுப்புனதில்ல பாய்.”

பார்க்கிறவர்கள் நம்ப வேண்டும் என்றுதான் அமீருதீன் கிழித்தார். நம்பிவிட்டார்கள்.

புதுப்புடவையை வாங்கிப் பிரித்துப் பார்த்த செல்லியம்மாள் தயங்கிக் கேட்டாள்: “மறுபடி சூட்டிங் எப்போ பாய்? வரும்போது இத அப்பிடியே கட்டிக்கினு வரட்டா, இல்ல நானே கிழிச்சிக்கினு வந்துடட்டா? உங்களுக்கு வேலை மிச்சம்.”

குத்திக்காட்டக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவள் நிஜமாகவே கேட்டாள். சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்து வந்ததைச் சொல்லிவிட்டார்.

“அன்னிக்கு வேன்ல வேற பொடவை இருந்துச்சும்மா. பழசு. எனக்குத் தெரியும்.”

செல்லியம்மாள் புதுப்புடவையை மடித்து அவர் மடியிலேயே வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, புரியாமல்தான் பார்த்தாள்.

“அப்போ இன்னாத்துக்கு பாய் இத கிழிச்ச?”