சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய சிரிப்புப் படம்

சண்டைப் படம் பார்ப்பவர்களுக்கு மூளை வேலை செய்யாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இந்த வயதிலும் வருகிறது. ஒருமுறை கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அப்படிச் சொல்ல, அவரைச் சாம்பாரில் பிடித்துப் பாயசம் வரைக்கும் விடவில்லை. மனிதர் மோர்கூட வாங்காமல் எழுந்து போய்விட்டார். பாவம்தான், ஆனால் அவர் சொன்னது தப்பு.

என் கட்சி இதுதான். எத்தனை கார் வெடித்தது என்று எண்ணிப் பார்த்து ஒரு சண்டைப் படத்தை நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது. முதல் அடி விழுவதற்கு முன்னால் அந்த ஆள் எதைப் பறிகொடுத்தான் என்று காட்டுகிறார்களா, அதைத்தான் பார்க்க வேண்டும். அது நம் மனசில் உட்கார்ந்துவிட்டால், பிறகு அவன் ஒற்றை ஆளாக முப்பது பேரை அடித்தாலும் நம்புவோம். உட்காரவில்லையென்றால் மூன்று பேரை அடிக்கும்போதே கொட்டாவி வரும். கோடி கோடியாய்க் கொட்டி எடுத்த எத்தனையோ படங்கள் இதை மறந்துவிட்டு ஹெலிகாப்டரை மட்டும் பறக்கவிட்டிருக்கின்றன. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கிண்டல் படங்கள் விஷயத்தில் மட்டும் என் எண்ணம் ஒருமுறை தலைகீழாக மாறியது. அதற்குக் காரணம் அப்பா.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் கிள்ளானில் இருந்தோம். அப்பா லோரி ஓட்டினார். துறைமுகத்தில் சாமான் ஏற்றிக்கொண்டு ஈப்போ, பட்டர்வொர்த், ஜொகூர் என்று வாரத்தில் ஆறு நாள் ரோட்டில் இருப்பார். எனக்குச் சுங்கை வேயில் ஃபேக்டரி வேலை. விடியும்போதே கம்பெனி பஸ் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். தம்பி பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கிக் கல்லூரியில் படித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அப்பாவும் நானும் வீடியோவில் ஓர் ஆங்கிலச் சண்டைப் படம் போட்டுக்கொண்டு உட்காருவோம். அம்மாவுக்கு இந்த டிஷ்யூம் டிஷ்யூம் சத்தம் ஆகாது. பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார்.

அப்பாவுக்கு மலாய் பேச்சு தண்ணி பட்ட பாடு. எழுதப் படிக்கத்தான் வராது. ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. தியேட்டரில் படத்துக்குக் கீழே மலாயில் எழுத்து ஓடும். அதை நான் படித்துப் படித்து அவர் காதில் தமிழில் சொல்வேன். யாராவது "உஷ்" என்பார்கள். ஒரு தடவை பின் வரிசையிலிருந்து ஒரு பெண், "மெதுவா சொல்லாதக்கா, எங்களுக்கும் கேக்கட்டும் லா" என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

வீட்டுக்கு வீடியோ வந்ததும் சிக்கல் தொடங்கியது. வாடகை கேசட்டில் கீழே எழுத்து கிடையாது. நான் மலாய்ப் பள்ளியில் படித்தவள். திரையில் அவர்கள் பேசும் வேகத்துக்கு எனக்கு நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் பிடிபடும். ஆனால் அப்பா தன் லோரிக் கூட்டாளிகளிடமெல்லாம், "எம்மக இங்கிலீஷ் படத்த அப்படியே தமிழ்ல சொல்லும்" என்று பறைசாற்றி வைத்திருந்தார். அதற்குப் பிறகு எனக்குப் புரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

அப்பாவுக்கு ஒரு பழக்கம். காரணமில்லாத சண்டையை ஒத்துக்கொள்ள மாட்டார். அடி விழுந்ததும், "ஏம்மா, எதுக்கு அடிக்கிறான்?" என்பார். உடனே பதில் வேண்டும். எனவே நான் காரணங்களைக் கொடுக்கத் தொடங்கினேன். ஒருவனுக்கு அண்ணனைச் சாகக் கொடுத்தேன். இன்னொருவனுக்குத் தோட்டத்து வேலை போனது. வில்லன் கண்ணாடி போட்டிருந்தால் மேனேஜர், போடாவிட்டால் கங்காணி. அப்பா திருப்தியாகத் தலையாட்டுவார். லோரி வரும் காட்சிகளில் மட்டும் என் உதவி அவருக்குத் தேவைப்படாது. "லோடு ஏத்திக்கிட்டு இந்த வேகத்துல திரும்புனா கவுந்துரும். இவனுக்கு யாரு லைசென்ஸ் குடுத்தது?" என்று திட்டுவார்.

கேசட் எடுக்கும் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கடைக்காரருக்கும் ஆங்கிலம் தெரியாது. ஆங்கிலப் படம் பார்ப்பதும் கிடையாது. அட்டைப் படத்தைப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவார். துப்பாக்கி இருந்தால் சிவப்பு, அது சண்டை. பல் தெரியச் சிரித்தால் மஞ்சள், அது சிரிப்பு. எலும்புக்கூடு என்றால் கறுப்பு. பிறகு அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கேசட்டை மட்டும் கொடுப்பார். நான் சிவப்பைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை.

அந்த ஞாயிறு நான் கொண்டுவந்ததும் சிவப்புதான். மீசை வைத்த ஒரு போலீஸ்காரன். உடம்பில் பாய்ந்த குண்டைப் பல்லால் கடித்து எடுத்து, சின்ன டப்பாவில் போட்டு மூடிப் பையில் வைத்துக்கொண்டான். நெஞ்சழுத்தக்காரன் என்று அப்பாவும் நானும் பேசிக்கொண்டோம். வில்லன்கள் சூழ்ந்து சுடும்போது பக்கத்தில் போன் மணி அடித்தது. அவன் ஒரு கையால் சுட்டுக்கொண்டே இன்னொரு கையால் போனை எடுத்தான். மறுமுனையில் வயதான ஓர் அம்மா. படத்தின் கடைசியில் அந்த அம்மாவை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, துரத்தி வந்தவர்களை அடித்துத் தள்ளினான். அந்த அம்மா மடியில் ஒரு காய்கறிப் பை.

இது எங்களுக்கு வினோதமாகப் படவே இல்லை. இதை இன்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் நாங்கள் பார்த்து வளர்ந்த தமிழ்ப் படங்களில் சண்டைக்கு நடுவில் அம்மா வருவாள், பாட்டு வரும், நகைச்சுவைக்காரர் குடத்தைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடுவார். எல்லாமும் சேர்ந்ததுதான் எங்களுக்குப் படம். வெள்ளைக்காரன் இப்போதுதான் ஒழுங்காக ஒரு படம் எடுத்திருக்கிறான் என்றுகூட நான் நினைத்தேன்.

போன் காட்சியில் அப்பா கேட்டார். "அந்தம்மா என்ன சொல்றாங்க?"

எனக்கு "அம்மா" என்பதைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. "ஒடம்பு ரொம்ப முடியலயாம்ப்பா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், ஒன்ன பாக்கணும் போல இருக்கு, ஒடனே வான்னு சொல்றாங்க" என்றேன். மோட்டார் சைக்கிள் காட்சி வந்ததும், "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறான்" என்று முடித்துக்கொடுத்தேன்.

திரும்பிப் பார்த்தால் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"எங்கம்மாவுக்கு முடியலன்னு, அது இருந்த டெங்கில் தோட்டத்துலேருந்து லோரி ஆபீசுக்குப் போன் பண்ணாங்க" என்றார். "நா பட்டர்வொர்த்துல லோடு எறக்கிட்டு இருந்தேன். சேதி எனக்கு வந்து சேரல. ரெண்டு நாள் கழிச்சி வந்து நிக்கிறேன், எல்லாம் முடிஞ்சி போச்சி. இவன் நேரத்துக்கு அம்மாகிட்ட போயிட்டான் பாரு."

அவர் கலியாணத்துக்கு முன்னால் நடந்த அந்த ஒரு விஷயம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குக்கூட முழுதாகத் தெரியாது என்று பிறகு அறிந்துகொண்டேன். அவர் அத்தனை வருஷம் வாய் திறக்காமல் வைத்திருந்ததை, நான் வாய்க்கு வந்தபடி அடித்துவிட்ட ஒரு பொய்க்காகச் சொல்லிவிட்டார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தைரியம் வரவில்லை.

கேசட்டை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தால் அப்பா அதற்குள் கடையில் சொல்லி இன்னும் ஒரு வாரம் வாங்கி வைத்துவிட்டார். தம்பி அடுத்த ஞாயிறு வருகிறான், அவனும் பார்க்க வேண்டுமாம். தம்பிக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அந்த வாரம் முழுக்க ஃபேக்டரியில் எனக்குக் கை ஓடவில்லை. பொய் வெளிப்பட்டால் அப்பா இனி என் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பாரா? அது ஒரு பக்கம். அவர் அழுதது என்னாவது என்பதுதான் என்னை வதைத்தது.

தம்பி வந்தான். படம் போட்டு இரண்டு நிமிஷம் ஆகவில்லை, சிரிக்க ஆரம்பித்தான். குண்டைக் கடித்து எடுக்கும் இடத்தில் தரையில் உருண்டான்.

"எதுக்குடா சிரிக்கிற?" என்றார் அப்பா.

"அப்பா, இது கிண்டல் படம்ப்பா! சண்டைப் படத்தயெல்லாம் கேலி பண்ணி எடுத்தது."

"எத கேலி பண்றான்?"

"எல்லாத்தையும்தான் லா!"

போன் மணி அடித்தது. அப்பா எழுந்து போய் வீடியோவை நிறுத்தினார். "இந்த எடத்துல அந்தம்மா என்ன சொல்றாங்க? சரியா சொல்லு."

"மழ வர்ற மாதிரி இருக்கு, கொடியில கெடந்த துணிய எடுத்தியா, சாப்ட்டியான்னு கேக்குறாங்க."

"ஒடம்பு முடியலன்னு சொல்லலியா?"

தம்பி என்னைப் பார்த்தான். "இல்லப்பா. அவங்க நல்லாத்தான் இருக்காங்க. காய்கறி வாங்க பாசாருக்குப் போகணுமாம்."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேசட்டைப் பின்னால் ஓட்டி அந்தக் காட்சியை மறுபடி போட்டார். மூன்றாம் முறையும் போட்டார். குண்டுகள் பாய்கின்றன, மகன் ஒரு கையால் சுடுகிறான், அம்மா துணியைப் பற்றிக் கேட்கிறாள். அப்பா மெல்லச் சிரித்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார்.

"எங்கம்மா இருந்தாலும் இதத்தான்டா கேட்டிருக்கும்" என்றார். "சாகக் கெடந்தாலும் முடியலன்னு அது வாய்லேருந்து வராது. சாப்ட்டியான்னுதான் கேக்கும்." சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் அதுவரை கிண்டல் என்றால் மட்டம் தட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்றை நேசிக்கத் தெரியாதவன் அதைக் கேலி செய்து பிழைக்கிறான் என்று. அப்படிப்பட்ட படங்களும் உண்டு. பார்த்த பத்து நிமிஷத்தில் வயிறு எரியும். ஆனால் இந்தப் படத்தை எடுத்தவன் சண்டைப் படங்களை எங்களைவிட அதிகம் பார்த்திருக்க வேண்டும். உயிர் போகிற நேரத்திலும் ஒரு தாய்க்குக் கொடித் துணிதான் பெரிது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சேர்த்த ஆஸ்பத்திரி எந்தப் படத்திலும் வருவது. அவன் எழுதியது அப்பாவின் அம்மாவே பேசியது போல இருந்தது. என் கதையைவிட அவன் கேலி உண்மையாக இருந்ததை ஒத்துக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

மறுநாள் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "சிரிப்புப் படத்துக்கு எப்படிண்ணே செவப்பு ஒட்டுனீங்க?" கடைக்காரர் அட்டையைத் தேடி எடுத்துக் காட்டினார். "நீயே பாரும்மா, துப்பாக்கி வச்சிருக்கான், சிரிக்கவும் இல்ல." அவர் மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது. நான் படம் முழுக்கப் பார்த்தே கண்டுபிடிக்கவில்லை.

அப்பா திங்கட்கிழமை ஜொகூருக்குப் போனவர் சனிக்கிழமை சாயந்திரம்தான் திரும்பினார். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தேன், கழுவியதையே திரும்பவும் கழுவினேன். கூடத்திலிருந்து அப்பா கூப்பிட்டார். அவரே கடைக்குப் போய் ஒரு படம் எடுத்து வந்து போட்டிருந்தார். என் இடத்தில் மெத்தையைத் தட்டிப் போட்டு வைத்திருந்தார்.

படம் ஓடியது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒருவன் பாலைவனம் மாதிரி ஓர் இடத்தில் நடந்து வந்தான். யார் யாரோ என்னென்னவோ பேசினார்கள்.

"என்னம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?"

"எனக்குப் பாதிகூடப் புரியாதுப்பா" என்றேன். அழுகை வந்துவிட்டது. "இத்தன நாளா நானாத்தான் சேத்துச் சேத்துச் சொன்னேன். அந்த ஆஸ்பத்திரியும் நானாச் சொன்னதுதான்."

அப்பா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"புரிஞ்ச வரைக்கும் நீ சொல்லு" என்றார். "புரியாத எடத்துல நா சொல்றேன்."

நடந்து வந்தவன் ஒரு சாப்பாட்டுக் கடையில் நுழைந்து தனியாக உட்கார்ந்தான். அப்பா அவனைக் கையைக் காட்டி, "இவனுக்கு இன்னும் சேதி வந்து சேரல" என்றார்.