சாருக்காக வந்த மானிட்டர்

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. என்னைப் போன்ற கல்லூரிப் பிள்ளைகளுக்கு வீட்டு இன்டர்நெட் பில்லை அரசே கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. அதில் எனக்கும் கிடைத்தது. அதுவரை புதுப்பட்டினம் கடைத்தெருவில் இருந்த பிரவுசிங் சென்டர்தான் கதி. சென்டர்காரர் எனக்காக வாசித்துக் காட்டுவார். நல்ல மனுஷன். ஆனால் நீளமான பத்தி வந்தால், "இது சும்மா வளவளன்னு கீதும்மா" என்று தாண்டிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள் போட்ட கம்ப்யூட்டரே எனக்குப் படித்துச் சொன்னது. வேகத்தைக் கூட்டிக் கூட்டி, வேறு யாருக்கும் புரியாத வேகத்தில் கேட்டேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. செங்கல்பட்டுக்குக் காலேஜ் போகும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போவேன்.

மானிட்டர் எனக்கு எதற்கு? மேஜையை அடைத்துக்கொண்டு கிடந்ததை, படம் பார்க்க வேண்டும் என்று கேட்ட சிநேகிதனுக்கு அண்ணன் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

ஒரு நாள் காலையில் போன் வந்தது. இன்டர்நெட்டை நிஜமாகவே நான்தான் பயன்படுத்துகிறேனா என்று பார்க்க அதிகாரி வருகிறாராம். இல்லை என்று அவர் எழுதிவிட்டால் உதவி நின்றுவிடும். அப்பா சம்பளத்தில் அந்த பில்லைக் கட்ட முடியாது. மறுபடியும் சென்டர்காரரின் பொறுமையை நம்பித்தான் நான் படிக்க வேண்டும்.

மானிட்டர் இல்லாத கம்ப்யூட்டரை யார் நம்புவார்கள் என்று அம்மாவுக்கு ஒரே பதற்றம். அண்ணன் பைக்கில் பறந்தான். சிநேகிதனைப் பின்னால் உட்கார வைத்து, அவன் மடியில் மானிட்டரை வைத்துக் கொண்டுவந்தான். அதை மேஜையில் வைக்கவும், வாசலில் அதிகாரி செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

நான் ஜம்மென்று உட்கார்ந்து, ஒரு செய்தித்தாள் பக்கத்தைத் திறந்து விறுவிறுவென்று ஓடவிட்டேன். அதிகாரியின் காலடிச் சத்தம் மேஜையருகே வந்து நின்றது.

"இன்னாம்மா, ஸ்கிரீன் எரியவே இல்லியே?" என்றார்.

அவசரத்தில் மானிட்டரின் ஒயர் சிநேகிதன் வீட்டிலேயே தங்கிவிட்டது. அது எனக்கெப்படித் தெரியும்? அம்மா முந்திக்கொண்டாள்.

"கண்ணு கெட்டுப் போயிடும்னு நாங்கதான் அணைச்சு வச்சிகீறோம் சார்."

யார் கண் என்று அவர் கேட்கவில்லை. எனக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. பிறகு அண்ணன். அப்புறம் அம்மாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ இந்தப் பொட்டி எதுக்கு?"

"உங்களுக்காகத்தான் சார் கொண்டாந்தோம்" என்றேன்.

அவரும் சிரித்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எனக்கும் புரியற மாதிரி வைம்மா" என்றார். வேகத்தைக் குறைத்தேன். செய்தி முடிந்து மெத்தைக் கடை விளம்பரம் ஒன்று வந்தது.

"இதெல்லாம் சும்மா. தாண்டும்மா."

"தாண்ட மாட்டேன் சார்."

நாற்காலி நகர்ந்தது.

"சரி, நீதான் படிக்கிறேன்னு எழுதிடறேன்" என்றார்.

மெத்தை விளம்பரத்தை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் நான் எழுந்தேன்.