தூக்காத கை

தாம்பரம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, இருபது வருடங்களுக்கு முன் ஒரு பெரிய பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தேன். முதல் நாள் ஆசிரியர், "டிப்ளமோ ஸ்டூடன்ட்ஸ் கை தூக்குங்க" என்றார். இளக்காரமாகப் பார்ப்பார்களோ என்று நான் தூக்கவில்லை.

மற்றவர்கள் முதல் வருடத்திலேயே நண்பர்களாகியிருந்தார்கள். இரண்டு மாதம் மாடிப்படியில் தனியாகத்தான் சாப்பிட்டேன். ஒருநாள் வேறு பிரிவு மாணவி பர்வீன் வந்து நின்றாள்.

"நீயும் டிப்ளமோதானே? தனியா சாப்பிடுறதைப் பார்த்தே நினைச்சேன். நமக்குன்னு தனியா ஒரு கணக்கு பேப்பர் இருக்கே, பேர் குடுத்துட்டியா? இன்னைக்குத்தான் லாஸ்ட்!"

அந்தப் பேப்பருக்குப் பெயர் எடுக்கத்தான் முதல் நாள் ஆசிரியர் கை தூக்கச் சொல்லியிருக்கிறார். பாதிச் சாப்பாட்டில் அலுவலகத்துக்கு ஓடினேன். ஜன்னலை மூடப்போனவர் திட்டிக்கொண்டே என் பெயரை எழுதிக்கொண்டார்.

இப்போதெல்லாம் புது வேலையில் சேர்ந்தால் முதல் நாளே, "நான் டிப்ளமோ படிச்சு வந்தவ" என்று சொல்லிவிடுகிறேன். மதியம் யாராவது ஒருவர் டப்பாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

- ஒரு வாசகி, ராஜகீழ்ப்பாக்கம்